பன்னிரண்டாவது ஆள்

வைக்கோல் கட்டைத் தூக்கிப் போனவன் நான்.
அங்கே சொல்லாததை
இங்கேயாவது முதலில் சொல்லிவிடுகிறேன்.

எஸ்ஸெக்ஸில், ஜூலை மாதம்,
கம்பளி எடைபோடும் கொட்டகையில்
நீதிபதிக்கு நாற்காலி, எங்களுக்குப் பலகை.
பதினொரு பேர் உட்காரும்வரை
ஆடிக்கொண்டிருந்தது அது.
நான் உட்கார்ந்ததும் நின்றது.

அறுத்த புல் வயலில் கிடந்தது.
மழை வந்தால் கறுத்துப்போகும்.
லத்தீனில் அவர்கள் என்னவோ வாசிக்க வாசிக்க
எனக்கு அந்தப் புல் ஞாபகம்தான்.
இதைக் கடவுள் மன்னிப்பார்.
மற்றதை நான் கேட்டுப் பார்க்கவில்லை.

முந்தின வாரம் இதே பலகையில் இருந்தவர்கள்
யார் பெயரும் தெரியாது என்றார்களாம்.
"அப்படியானால் உங்கள் பெயரைச் சொல்லுங்கள்,
எழுதிக்கொள்கிறோம்" என்றாராம் நீதிபதி.
அதற்குப் பிறகு எல்லாருக்கும்
எல்லார் பெயரும் தெரிந்திருந்தது.

ஹாமோ பிக்கெரல், கூரை வேய்கிறவன்.
சாட்சி: பாதி எரிந்த ஒரு வைக்கோல் கட்டு.
ஹேசல் குச்சியை இரண்டு முறுக்கு முறுக்கி
உள்பக்கம் செருகிய முடிச்சு.
மூன்று ஊரில் அப்படிக் கட்டுகிறவன் அவன் ஒருத்தன்.
இன்னொரு சாட்சி: அவன் கத்தினான்.
பண்ணை வீட்டுக் கணக்கறையில்
எங்கள் பாட்டன்கள் பட்ட கடனும் அடிமை வேலையும்
ஆட்டுத்தோல் நாற்றத்தோடு சுருண்டு எரிகையில்
முற்றத்தில் நின்று அவன் கத்தியதை
இருபது பேர் கேட்டிருக்கிறார்கள்.

என்ன கத்தினான் என்று
ஒருவரும் கேட்கவில்லை.

எனக்குத் தெரியும்.
"டேய், அது எம்மோட் வீட்டுக் கூரைக்கு வச்சது!
அதை எடுக்காதே!"
என்னைப் பார்த்துத்தான்.

கொட்டகையில் ஹாமோ எங்களை எண்ணினான்,
கட்டுகளை எண்ணுவது போல, உதடு அசைய,
பலகையின் அந்த முனையிலிருந்து.
என்னிடம் வந்ததும் உதடு நின்றது.
வேதப் புத்தகத்தைத் தொட்ட என் கை
யாரோ மறந்துபோன பொருள் போல
என் மடியில் கிடந்தது.

சொல்ல ஏதாவது உண்டா என்றார்கள்.
எனக்கு மூச்சே இல்லை.
"எம்மோட் கூரை வடக்குப் பக்கம்
திறந்து கிடக்கிறது" என்றான்.
எழுத்தன் இறகைத் தூக்கினான்,
யோசித்தான்,
திரும்ப வைத்துவிட்டான்.

பன்னிரண்டு பேரும் ஒரே வாயாகச் சொன்னோம்.
அந்த வாயில் என் பல்லும் இருந்தது.

பிறகு சொத்து மதிப்பு. அதுவும் எங்கள் வேலைதான்.
கால் உடைந்த பித்தளைப் பானை, ஆறு பென்னி.
கூரைக்கத்தி, ஒரு பென்னி.
குட்டி போடாத வெள்ளாடு, என்னவோ ஒரு விலை.
ஏணி?
யாரும் வாய் திறக்கவில்லை.
"மூன்று பென்னி" என்றேன்.
அன்றைக்கு நானாகப் பேசியது அது ஒன்றுதான்.

ஓக் மரத்தில் அந்த ஏணியையே சாத்தினார்கள்.
நாலாவது படி ஆடும்.
கை கட்டியிருந்தும் ஹாமோ
அதை மிதிக்காமல் தாண்டி ஏறினான், பழக்கம்.
பின்னால் ஏறிய தூக்குக்காரன் மிதித்துச் சறுக்கினான்.
யாரோ சிரித்துவிட்டார்கள்.
நானாக இருக்காது.

அன்று இரவே மழை.
புல் கறுத்தது.

அரசன் பங்கை ஏலம் விட்டபோது
ஏணியை நான் எடுத்தேன். அதே மூன்று பென்னி.
ஏன் என்று மனைவி கேட்டாள்,
சும்மா கிடக்கட்டும் என்றேன்.

அக்டோபரில் எம்மோட் வந்தாள்,
தோளில் ஈரச் சாக்கு, பின்னால் இருமும் பையன்.
கட்டுகளைத் தானே கட்டியிருந்தாள்,
தப்பான முடிச்சு, ஆனாலும் இறுக்கம்.
ஏணியைக் கேட்டாள்.
தூக்கிக் கொடுத்தேன்.
நாலாவது படி ஆடும், பார்த்து, என்றேன்.

"தெரியும்" என்றாள்.

எது என்று
நான் கேட்கவில்லை.